பன்னிரண்டு விநாடி மேரியோ

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் 1990-களில் பள்ளிக்குப் போன ஒருவரிடம் 'சூப்பர் மேரியோ' ஆட்டத்தின் இசையைக் கைபேசியில் ஒலிக்கவிட்டுப் பாருங்கள். முதலில் முகம் மலரும். கொஞ்ச நேரத்தில் புருவம் சுருங்கும். "அதேதான்... ஆனா ஏன் இப்படி ஓடுது?" என்பார். இன்னும் கூர்ந்து கேட்பவராக இருந்தால், "எங்க பெட்டியில சத்தம் வேற மாதிரி வரும், கொஞ்சம் மூக்கால பாடுற மாதிரி" என்பார். பக்கத்தில் இருப்பவர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. முப்பது வருஷத்துக்கு முந்தைய சமாச்சாரம், ஞாபகம் கலங்கியிருக்கும் என்று விட்டுவிடுவார்கள்.

ஞாபகம் கலங்கவில்லை. அவர் சொல்கிற இரண்டும் உண்மை, இரண்டையும் அளந்தே காட்டலாம். அவர் சிறுவயதில் கேட்ட மேரியோ, ஒசாகாவில் ஒரு சிறுவன் கேட்ட மேரியோவைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவானது. அதன் நாதமும் வேறு. ஏன் அப்படி ஆனது என்று தேடிப்போனால் விடையில் ஒரு பகுதி சில்லுக்குள் கிடைக்கிறது, இன்னொரு பகுதி வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள். மூன்றாவது பகுதி கேட்டவரின் மண்டைக்குள் இருக்கிறது. அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாம் என்ற வீட்டு விளையாட்டுக் கணினிதான் எல்லாவற்றுக்கும் மூலம். 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' அதற்காக 1985 செப்டம்பரில் வந்தது. இசை கோஜி கோண்டோ. நம் பக்கத்துச் சிறுவர்களின் கைக்கு வந்தவை பெரும்பாலும் தைவானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட அதன் நகல்கள். மீடியா, லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்று மேலே என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் எல்லோருக்கும் அது 'டிவி கேம்'. ஆட்டம் அடங்கிய பிளாஸ்டிக் துண்டு 'கேசட்'. படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி, அடியில் 'பூ' என்று ஊதி, திரும்பச் சொருகுவோம். சொந்தமாக வாங்க முடிந்த வீடுகள் குறைவு. டவுனில் மணிக்கணக்குக்கு விளையாட விடும் கடைக்கு, சில்லறையைச் சேர்த்துக்கொண்டு, ஒரே சைக்கிளில் இருவரும் மூவருமாகப் போவார்கள். ஒருவன் ஆடுவான், மற்றவர்கள் பார்ப்பார்கள். பார்ப்பவர்களுக்குக் கைகளில் வேலை இல்லை. அவர்கள் முழுக்கக் கேட்டார்கள். அந்த இசையை இன்று மிகத் துல்லியமாக நினைவில் வைத்திருப்பவர்கள், என் கணிப்பில், அப்படி வரிசையில் காத்திருந்தவர்கள்தான்.

ஃபாமிகாமின் மையத்தில் இருந்தது ரிக்கோ நிறுவனத்தின் 2ஏ03 என்ற சில்லு. கணக்குப் போடுவதும் பாடுவதும் அதுவே. அதற்கு ஐந்து குரல்கள்: இரண்டு துடிப்பலைகள், ஒரு முக்கோண அலை, தாளத்துக்கும் வெடிச்சத்தத்துக்கும் ஒரு இரைச்சல் குரல், பதிவுசெய்த சிறு ஒலித்துணுக்குகளுக்கு ஐந்தாவது. மெட்டைப் பாடுவது துடிப்பலைகளின் வேலை. துடிப்பலை என்பதில் மின்னழுத்தத்துக்கு இரண்டே நிலைகள், மேலே அல்லது கீழே. நொடிக்கு 440 தடவை மேலும் கீழுமாக மாறினால் 440 ஹெர்ட்ஸ் சுரம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது? எட்டில் ஒரு பங்கா, கால் பங்கா, அரைப் பங்கா, முக்கால் பங்கா? இந்த நான்கில் ஒன்றை இசையமைப்பாளர் தேர்ந்தெடுக்கலாம். சுரத்தின் உயரம் மாறாது. நாதம் மாறிவிடும்.

எந்தச் சுரமும் தனியாக ஒலிப்பதில்லை. அடிப்படை அலைவெண்ணோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேற்சுரங்களும் சேர்ந்தே வரும். எந்த மேற்சுரம் எவ்வளவு வலுவாக வருகிறது என்பதை வைத்துத்தான் புல்லாங்குழலையும் வயலினையும் காது பிரித்தறிகிறது. சரிபாதி துடிப்பலையில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டுமே உண்டு. இரண்டாவது, நான்காவது, ஆறாவது அறவே இல்லை. கால்பங்கு துடிப்பலையில் நான்கின் மடங்குகள் மட்டுமே காணாமல் போகும், மற்றவை எல்லாம் இருக்கும்.

இதே கணக்கு நம் கச்சேரி மேடையிலும் உண்டு. கிளாரினெட்டின் உட்குழல் நேரான உருளை, வாய்ப்பக்கம் அடைபட்டது. அதனால் அதன் கீழ்ச் சுரங்களில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் ஓங்கி, உள்ளே வெற்றிடம் இருப்பதுபோன்ற ஒரு வட்டமான ஒலி கிடைக்கிறது. நாதஸ்வரம் மேலிருந்து கீழே விரிந்துகொண்டே போகும் கூம்பு. அதில் ஒற்றைப்படை, இரட்டைப்படை எல்லா மேற்சுரங்களும் எழுகின்றன. அதனால்தான் அந்தக் கூர்மை, தெருக்கோடிவரை எட்டும் அந்தக் கணீர். ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டில் வாசித்த ராகத்தையே நாதஸ்வரத்தில் கேட்டவர்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சரிபாதி அலை கிளாரினெட்டின் பக்கம், கால்பங்கு அலை நாதஸ்வரத்தின் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். அசல் கருவிகளின் செழுமையில் நூறில் ஒரு பங்குகூடச் சில்லுக்கு வராதுதான். ஆனால் திசை சரி.

கோண்டோ தன் மெட்டின் பெரும்பகுதிக்குச் சரிபாதி அலையைத்தான் கேட்டார். ஜப்பானில் அது அப்படியே ஒலித்தது. நகல் பெட்டிகளுக்கோ தைவானின் யுஎம்சி நிறுவனம் யுஏ6527 என்ற வரிசையில் தானே சில்லு செய்தது. இந்த வகை நகல்கள் பலவற்றில் கால்பங்கும் அரைப்பங்கும் ஒன்றுக்கொன்று இடம் மாறிக் கிடந்தன. ஆட்டம் சரிபாதியைக் கேட்கும், சில்லு கால்பங்கைக் கொடுக்கும். கிளாரினெட்டுக்கு எழுதிய பாட்டை நாதஸ்வரம் வாசித்தது. "மூக்கால பாடுற மாதிரி" என்று அவர் சொன்னாரே, அதன் விளக்கம் இவ்வளவுதான். இதைப் பழுது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தியாவிலும் ரஷ்யாவிலும் இன்னும் பல நாடுகளிலும் ஒரு தலைமுறை முதலில் கேட்டது இந்த நாதத்தைத்தான். அவர்களுக்கு மூலம் இதுவே.

இனி வேகம். இதற்குத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் போக வேண்டும்.

விளையாட்டுக் கணினி தொலைக்காட்சியோடு ஒட்டிப் பிறந்தது. வண்ணப் படம் அனுப்ப, தொலைக்காட்சி எதிர்பார்க்கும் வண்ண அலைவெண்ணைத் துல்லியமாக உண்டாக்கியாக வேண்டும். அதற்கு ஒரு குவார்ட்ஸ் படிகம் தேவை. தனியாக இன்னொரு படிகம் வைத்தால் செலவு, ஆகவே சில்லின் துடிப்பையும் அதே படிகத்திலிருந்து வகுத்து எடுத்துக்கொள்வார்கள். ஜப்பானின் வண்ண அலைவெண் 3.579545 மெகாஹெர்ட்ஸ். அதன் ஆறு மடங்கில் படிகம் துடிக்கும். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 1.789773 மெகாஹெர்ட்ஸ். இதுதான் சில்லின் இதயத்துடிப்பு. ஒவ்வொரு சுரமும் இந்த எண்ணை ஒரு முழு எண்ணால் வகுத்துக் கிடைப்பது. ஆக ஃபாமிகாமின் ஆதார சுருதியை நிர்ணயித்தவர்கள் தொலைக்காட்சிப் பொறியாளர்கள்.

இந்தியா 1982-இல் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியபோது ஐரோப்பாவின் பால் முறையை எடுத்துக்கொண்டது. அதன் வண்ண அலைவெண் 4.43361875 மெகாஹெர்ட்ஸ். ஆறால் பெருக்கினால் கிட்டத்தட்ட 26.6 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவுக்கான தன் பெட்டியில் நின்டெண்டோ இதைப் பதினாறால் வகுத்தது, 1.66 மெகாஹெர்ட்ஸ் வந்தது. திருத்தாத ஜப்பானிய ஆட்டத்தை அதில் போட்டால் எல்லாச் சுரங்களும் அரைச்சுரத்துக்கும் மேலாக இறங்கிவிடும். சில ஆட்டங்களை அதற்கெனத் திருத்தி வெளியிட்டார்கள். யுஎம்சி பொறியாளர்கள் வேறு வழியில் போனார்கள். ஜப்பானியக் கேசட் எந்த மாற்றமும் இல்லாமல் ஓட வேண்டும் என்பது அவர்களுடைய வியாபாரத் தேவை. பால் நாடுகளுக்கான சில்லில் பதினைந்தால் வகுத்தார்கள். 1.773448 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. ஜப்பானிய எண்ணுக்கு வெகு அருகில்.

எவ்வளவு அருகில்? ஒரு அரைச்சுரத்தை நூறு பங்காகப் பிரித்தால் அதில் பதினாறு பங்கு இறக்கம். நம் இசை நூல்கள் பேசும் இருபத்திரண்டு சுருதிகளில் மிகச் சிறிய இடைவெளி ஏறக்குறைய இருபத்திரண்டு பங்கு. அதைவிடவும் குறைவு. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலொழியப் பெரும்பாலான காதுகளுக்குத் தெரியாது.

நம் கிராமங்களில் அன்று பல வீடுகளில் இருந்தது டயனோராவோ சாலிடேரோ, பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. வண்ணமே தெரியாத அந்தத் திரையில் ஆடியபோதும் சுருதியைக் கொடுத்தது வண்ணத்துக்கான படிகம்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்பாக இருக்கிறது.

சுருதியைக் காப்பாற்றிய பொறியாளர்களால் காலப்பிரமாணத்தைக் காப்பாற்ற முடியவில்லை. நம் மின்சாரம் நொடிக்கு 50 தடவை துடிப்பது. தொலைக்காட்சியும் அதற்கேற்ப நொடிக்கு 50 தடவை திரையை வரைகிறது. ஜப்பானில் தொலைக்காட்சி நொடிக்கு 60 தடவை வரைந்தது. மேரியோவின் இசை நிரல் எழுதப்பட்ட விதம் என்னவென்றால், திரை ஒருமுறை வரையப்பட்டதும் இசை ஒரு படி நகரும். கடிகாரம் என்று தனியாக எதுவும் கிடையாது. திரைதான் தாளம் போடுகிறவர். அறுபது ஐம்பதானதும் எல்லாமே மெதுவாயின: மேரியோவின் ஓட்டம், ஆமையின் நடை, கூடவே பாட்டு. ஜப்பானில் பத்து விநாடியில் முடியும் பகுதி உத்திரமேரூரில் பன்னிரண்டு விநாடி எடுத்தது.

ஒலித்தட்டையோ ஒலிநாடாவையோ மெதுவாகச் சுற்றினால் வேகத்தோடு சுருதியும் சேர்ந்தே இறங்கும். வாக்மேனில் பேட்டரி தளரும்போது பாடகர் குரல் இழுத்துக்கொண்டு போகுமே, அது. இங்கே அப்படி இல்லை. சுருதி நின்ற இடத்தில் நிற்க, நடை மட்டும் தளர்ந்தது. ஒரே பாட்டை அதே சுருதியில் நிதானமாகப் பாடியது போல. அதனால்தான் அன்று யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

இப்போது மண்டைக்குள் இருக்கும் பகுதி. ஒரு மனிதர் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஆறில் ஒரு பங்கு வேக மாற்றத்தைக் கண்டுபிடிப்பது நடக்கிற காரியமா?

உளவியலாளர் டேனியல் லெவிட்டின் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். இசைப் பயிற்சி பெற்றவர்கள் என்று பொறுக்கி எடுக்காமல் 46 பேரைக் கூப்பிட்டு, அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பிரபல பாடல்களை நினைவிலிருந்து பாடச் சொன்னார். எந்தச் சுருதியும் கொடுக்கவில்லை. இரண்டு முயற்சிகளில் ஒன்றிலாவது இசைத்தட்டின் சுருதியையே தொட்டவர்கள் 40 சதவீதம். தற்செயலாக நடந்தால் இவ்வளவு வராது. பிறகு பெரி குக் என்பவரோடு சேர்ந்து 1996-இல் அந்தப் பதிவுகளின் வேகத்தை அளந்தார். பாடியவற்றில் 72 சதவீதம் மூலப் பாட்டின் வேகத்திலிருந்து 8 சதவீதத்துக்குள் இருந்தன. மெட்டை எந்த வேகத்திலும் அடையாளம் காண முடிகிற நமக்கு, கேட்ட வேகமும் தனியே பதிந்திருக்கிறது.

இந்த எண்களை மேரியோவோடு பொருத்திப் பாருங்கள். வேக மாற்றம் 17 சதவீதம், நினைவின் 8 சதவீத எல்லைக்கு வெளியே. அதனால் தெரிகிறது. சுருதி மாற்றம் அரைச்சுரத்தில் நூற்றுக்குப் பதினாறு பங்கு, நினைவுக்கு எட்டாத அளவு. அதனால் தெரிவதில்லை. இந்தப் பேச்சில் "வேகமா ஓடுது" என்று சொன்னவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். "சுருதி ஏறியிருக்கு" என்று சொன்னவரைப் பார்த்ததில்லை. இயற்பியல் எங்கே மாற்றத்தைப் பெரிதாக வைத்ததோ அங்கே மட்டும் அவர்கள் விரலை வைக்கிறார்கள்.

நாதத்தின் நினைவு இன்னும் கூர்மையானது. கிளென் ஷெல்லன்பெர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 1999-இல் பிரபல பாடல்களிலிருந்து நொடியில் பத்தில் ஒரு பங்கு துணுக்கை வெட்டி ஒலிக்கவிட்டார்கள். அதற்குள் மெட்டு என்று எதுவும் அடங்காது. ஆனாலும் கேட்டவர்கள், குருட்டாம்போக்கில் ஊகித்தால் கிடைப்பதைவிட மிக அதிகமாக, பாட்டைச் சரியாகச் சொன்னார்கள். உயர் அலைவெண்களை வடிகட்டி எடுத்துவிட்டபோது அந்தத் திறன் குறைந்தது. அவர்கள் பிடித்துக்கொண்டது ஒலியின் நிறத்தைத்தான். கால்பங்குக்கும் அரைப்பங்குக்கும் உள்ள வித்தியாசம் அத்தகைய நிற வித்தியாசமே.

இப்படி ஆழமாகப் பதிவதற்கு அந்த ஆட்டங்களின் வறுமையும் ஒரு காரணம். மேரியோ கேசட்டின் மொத்தக் கொள்ளளவு 40 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கு இதைப்போல் எத்தனையோ மடங்கு இடம் வேண்டும். அதற்குள் எல்லா மட்டங்களும், எல்லா உருவங்களும், எல்லா இசையும் அடங்க வேண்டும். எனவே சிறிய பாட்டு, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒரு விடுமுறை முழுக்க அதே பாட்டு. எந்தத் திரைப்பாடலையும் ஒரு சிறுவன் இத்தனை முறை இடைவிடாமல் கேட்டிருக்க மாட்டான். இரண்டே துடிப்பலைகளை வைத்து மூன்று சுரக் கூட்டிசையைத் தரவும் அக்கால இசையமைப்பாளர்கள் ஒரு வழி கண்டார்கள். திரை வரையப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு சுரம் என்று மூன்றையும் சுழற்றிவிடுவார்கள். நொடிக்கு ஐம்பது முறை மாறும் சுரங்களைத் தனித்தனியாகப் பிரிக்கக் காதால் முடியாது. நடுங்கும் ஒரே கூட்டொலியாகக் கேட்கும். பழைய ஆட்டங்களின் இசைக்கு அந்த மினுமினுப்பைக் கொடுத்தது இந்த வித்தைதான். ஐம்பதில் அது அறுபதைவிடச் சற்றுக் கரடாக நடுங்கும்.

இன்னொன்று உண்டு, இதை அதிகம் பேர் கவனித்ததில்லை. குதிக்கும் சத்தத்துக்கும் காசு எடுக்கும் சத்தத்துக்கும் தனிக் குரல் இல்லை. பாடிக்கொண்டிருக்கும் துடிப்பலைகளில் ஒன்றை அந்த நேரத்துக்குப் பிடுங்கிக்கொள்வார்கள். மேரியோ குதித்தால் ஒரு குரல் அறுந்துபோகும். காசு எடுத்தால் மற்றது அறுந்துபோகும். ஆக, இசைத்தட்டில் உள்ளதுபோல் முழுமையான பாட்டை ஆடியவர் யாரும் கேட்டதில்லை. எங்கெங்கே குதித்தார்களோ அங்கங்கே ஓட்டை விழுந்த பாட்டைத்தான் ஒவ்வொருவரும் கேட்டார்கள். முதல் கட்டத்தை எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில் குதித்துத் தாண்டினோம் என்பதால் ஓட்டைகளும் பொதுவாயின. இன்று கேட்கும் 'சுத்தமான' பதிவு ஏதோ வெறுமையாகப் படுவதற்கு இதுவும் காரணம்.

நகல் உலகத்துக்கே உரிய இசையும் உண்டு. '9999999 இன் 1' என்று எழுதிய கேசட்டில் உண்மையில் சில ஆட்டங்களே திரும்பத் திரும்ப வரும். அதன் பட்டியல் திரையில் கடற்கரையும் பறவைகளும் தெரிய, இழைந்து ஒரு மெட்டு ஒலிக்கும். அலெக்ஸ் நார்த் 1955-இல் ஒரு அமெரிக்கப் படத்துக்காக இசையமைத்த 'அன்செயின்ட் மெலடி' அது. யாரிடமும் அனுமதி வாங்காமல் யாரோ ஒரு நிரலாளர் அதைச் சில்லுக்குள் ஏற்றினார். நின்டெண்டோவின் எந்த அதிகாரபூர்வ ஆட்டத்திலும் அது கிடையாது. அந்தப் பாட்டின் பெயர் தெரியாமலே அதை முழுதாக முணுமுணுக்கத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

டிவி கேம் ஒரு பாதை என்றால் பள்ளிக்கூடக் கணினி அறை இன்னொரு பாதை. 1984-85 கல்வியாண்டில் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் முதலில் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் போயின. அதன் ஒலிச் சில்லுக்கு மூன்று சுரக் குரல்களும் ஒரு இரைச்சல் குரலும் உண்டு. கிராமத்துப் பள்ளிகளுக்கும் டவுன் கம்ப்யூட்டர் சென்டர்களுக்கும் கணினி பரவியபோது வந்தவை டாஸ் இயந்திரங்கள். அவற்றில் இசைக்கென்று சில்லே கிடையாது. உள்ளே சின்னதாக ஒரு ஸ்பீக்கர், ஒரு நேரம்காட்டிச் சுற்று, அவ்வளவுதான். நினைவகச் சோதனை முடிந்ததும் 'பீப்' என்று கத்த வைத்தது அது. ஜான் ரொமேரோ 1988-இல் ஆப்பிள் கணினிக்கு எழுதி, 1990-இல் டாஸுக்கு வந்த 'டேஞ்சரஸ் டேவ்' நம் கணினி அறைகளில் அந்த ஒற்றைக் குரலோடுதான் வாழ்ந்தது. அந்த நேரம்காட்டி 1.193182 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும். அந்த எண்ணும் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் அலைவெண்ணில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. ஆனால் இங்கே திரையோடு கட்டு இல்லை. அமெரிக்காவிலும் காஞ்சிபுரத்திலும் டேவின் பீப் ஒரே சுருதியில்தான் ஒலித்தது.

கணினியின் நாதத்துக்கு நம் காது பழகியது ஆட்டங்களால் மட்டுமா? இல்லை என்பேன். 1986 தீபாவளிக்கு வந்த கே. பாலசந்தரின் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா இசையமைத்தபோது யமஹா சிஎக்ஸ்5எம் என்ற கணினி பயன்பட்டது. இந்தியத் திரையிசையில் கணினி கொண்டு வரிசைப்படுத்தி உருவாக்கிய முதல் இசை என்று அதைச் சொல்வார்கள். அன்று அவர் குழுவில் கீபோர்டு வாசித்தவர் பிற்காலத்து ஏ.ஆர். ரஹ்மான். இந்த சிஎக்ஸ்5எம் வேறு எதுவுமில்லை, ஆட்டங்கள் ஓடும் எம்எஸ்எக்ஸ் வகை வீட்டுக் கணினிதான். கூடுதலாக அதில் ஒய்எம்2151 என்ற எஃப்எம் ஒலிச் சில்லு இருந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967-இல் கண்டறிந்த அலைவெண் பண்பேற்ற முறையில் எட்டுக் குரல்கள் பாடும். அடாரி நிறுவனத்தின் 'மார்பிள் மேட்னஸ்' என்ற நாணய இயந்திர ஆட்டத்தில் 1984-இல் பாடியதும் இதே சில்லு. கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் அந்த இசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, சில வருஷம் கழித்து டிவி கேமைப் போட்டபோது அதன் குரல் அந்நியமாக ஒலித்திருக்காது.

பிறகு கைபேசி வந்தது, பாம்பு ஆட்டத்தோடு. அதைப் பற்றி ஒன்றே ஒன்று. 2006 முதல் 2014 வரை நோக்கியாவின் பெரிய ஆலை ஸ்ரீபெரும்புதூரில் இயங்கியது. காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமத்துப் பெண்கள் பலர் கம்பெனி பஸ்ஸில் போய் அங்கே கைபேசிகளைக் கோத்துச் சோதித்தார்கள். ஒரு தலைமுறைக்கு முன்பு தைவானிலிருந்து வந்துகொண்டிருந்த பெட்டிகளின் இடத்தில், உலகத்தின் பல ஊர்களில் 'பீப்' என்று ஒலிக்கப்போகும் பெட்டிகள் நம் மாவட்டத்திலிருந்து புறப்பட்டன.

ஜப்பானிய மேரியோவின் ஒலி இன்று ஆயிரம் இடங்களில் பத்திரமாக இருக்கிறது. நம்முடையது அப்படி இல்லை. பிற்கால நகல் பெட்டிகளில் எல்லாச் சில்லுகளையும் ஒன்றாக்கி, மேலே கறுப்பு எப்பாக்ஸிப் பிசின் ஊற்றி மூடிவிட்டார்கள். எண் எதுவும் தெரியாது. திறந்து பார்த்துப் பயனில்லை. ஒலியைக் கேட்டுத்தான் உள்ளே இருப்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவை பரண்களிலும் பழைய இரும்புக் கடைகளிலும் அழிந்துகொண்டிருக்கின்றன. ஆகவே வீட்டில் ஒன்று இருந்தால், அது இன்னும் உயிரோடிருந்தால், தயவுசெய்து பதிவு செய்யுங்கள்.

வழி எளிது. பெட்டியின் பின்னால் ஒலிக்கான ஏவி துளை இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பியைக் கணினியின் ஒலி உள்ளீட்டில் செருகி மேரியோவைத் தொடங்குங்கள். ஆட்டம் தொடங்கியதும் ஒலிக்கும் முதல் சுரத்தின் அலைவெண்ணை எந்த இலவசச் செயலியும் காட்டும். 658 ஹெர்ட்ஸ் பக்கம் வந்தால் ஜப்பானிய முறைச் சில்லு. 652 என்றால் யுஎம்சி வழி. 611 என்றால் ஐரோப்பிய முறைச் சில்லில் திருத்தாத ஜப்பானியக் கேசட். அடுத்து, பாட்டு ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டு, ஜப்பானியப் பதிவோடு ஒப்பிட்டால் ஐம்பதா அறுபதா என்பது தெரிந்துவிடும். கடைசியாக அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேடும் பள்ளமும் சம அகலத்தில் இருந்தால் கோண்டோ கேட்ட சரிபாதி அலை. ஒன்று ஒரு பங்கும் மற்றது மூன்று பங்குமாக இருந்தால், உத்திரமேரூரில் ஒலித்தது அதுதான்.